இரண்டாம் கீப்பராக ஆறு மாதம்: போவதா, ஊரில் நிற்பதா?

மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்த 22 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலு வருசமாக ஊர்க் கழகத்துக்கு நான்தான் முதல் கீப்பர். இப்போது கொழும்பில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் ஆறு மாத ஒப்பந்தத்தில் இரண்டாம் கீப்பராக வரச் சொல்கிறது. இரண்டு மூன்று மேட்சுக்கு மேல் கிடைக்காது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதற்குள் என்னத்தைக் காட்டுவது? கனடாவில் இருக்கிற மச்சான், ஐஸ் ஹொக்கியில் இப்படி ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்த இரண்டாம் கீப்பர்கள் பெரிய ஆட்களாகியிருக்கிறார்கள், யோசிக்காமல் போ என்கிறான். அது மெய்யா? திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வேண்டும்."

தம்பி, மச்சான் சொன்னது மெய்தான். ஆனால் அவர் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தேவையானது மற்றப் பாதி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருபது வருடம் கோல் காத்தவன். அதில் ஏழெட்டு வருடம் பெஞ்சில் இருந்தவன். இப்போது பின்னேரங்களில் கீப்பர் பிள்ளைகளைப் பழக்குகிறேன். ஐஸ் ஹொக்கி எனக்கு அறிமுகமானது அக்காவின் மகனால். கனடாவின் ஸ்காபரோவில் அவனோடு ஒரு குளிர்காலம் மூன்று மாதம் நின்றேன். விடிய ஆறு மணிக்கு, வெளியே பனி கொட்டிக் கிடக்கும்போது, எட்டு வயதுப் பிள்ளைகள் காலில் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு கோல் வாசலில் விழுந்து விழுந்து எழும்புவதைப் பார்த்தேன். ஆட்டம் வேறு, தொழில் ஒன்று என்று அன்றைக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பின்தொடர்வதை நான் விடவில்லை.

தெரியாத ஆட்களுக்காக ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஆறு பேர், கீப்பரும் அதற்குள் அடக்கம். இருபது நிமிடமாக மூன்று கட்டம். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கறுப்பு இரப்பர் வட்டு. உதைபந்தில் ஒரு கீப்பருக்கு நேரே நான்கைந்து அடி வந்தால் அன்றைக்கு வேலை அதிகம் என்போம். அங்கே ஒரு மேட்சில் முப்பது வரும். என்.எச்.எல். எனப்படும் பெரிய லீக்கில் ஒரு அணிக்கு வருடத்துக்கு எண்பதுக்கு மேற்பட்ட மேட்ச், சில வேளை அடுத்தடுத்த இரண்டு இரவுகளில், இரண்டு நகரங்களில். ஒவ்வொரு மேட்சுக்கும் இரண்டு கீப்பர்கள் உடுப்புப் போட்டுத் தயாராக இருக்க வேண்டும். மார்ட்டின் பிரோடூர் என்ற பெரிய கீப்பர் 2006-07 பருவத்தில் 78 மேட்சுக்குக் கோலில் நின்றார். இன்றைக்கு எந்த அணியும் ஒருவரை அப்படி உழைக்க விடாது. முழங்காலை உள்ளே மடித்து நிலத்தில் விரிகிற பாணி இடுப்பைத் தின்றுவிடும். முதல் கீப்பருக்கு ஐம்பது, அறுபது மேட்ச், மிச்சம் இரண்டாம் ஆளுக்கு என்பதுதான் இப்போதைய கணக்கு. ஆகவே அங்கே இரண்டாம் கீப்பருக்கு இருபது மேட்சாவது கிடைக்கும். உங்களுக்கு இரண்டு மூன்று. மச்சானின் கதையை உங்கள் கதையோடு ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

மச்சான் மனதில் வைத்திருப்பது டெவன் டுப்னிக்காக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 2013-14 பருவம் அந்த மனிதனுக்குப் பெரிய அடி. எட்மன்டனுக்கு முதல் கீப்பராக இருந்தவரை அவர்கள் பாதிப் பருவத்தில் நாஷ்விலுக்குக் கைமாற்றினார்கள். அங்கே இரண்டே மேட்ச். பிறகு மொன்றியலுக்குப் போனார், அவர்களோ கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள். ஒரே பருவத்தில் இரண்டு கைமாறல். 35 இலட்சம் டொலர் வாங்கியவர் 2014 கோடையில் 8 இலட்சத்துக்கு, ஒரே வருடத்துக்கு, அரிசோனா அணியில் இரண்டாம் கீப்பராகக் கையெழுத்து வைத்தார். 2015 ஜனவரி நடுப்பகுதியில், கீப்பர் இல்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த மினசோட்டா அவரை வாங்கியது. அடுத்த நாளே பஃபலோவில் இறங்கி ஒரு கோலும் விடாமல் 7-0. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது மேட்ச் அவரே நின்றார். 27 வெற்றி, 9 தோல்வி, மேலதிக நேரத்தில் 2 தோல்வி. அணி இறுதிச் சுற்றுக்குள் போனது. அந்தக் கோடையில் அவர் வைத்த கையெழுத்து ஆறு வருடத்துக்கு, 2 கோடியே 60 இலட்சம் டொலருக்கு.

எல்லோரும் சொல்வது இந்த ஜனவரிக் கதையைத்தான். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அதற்கு முந்தின அரிசோனா மாதங்களை. அங்கே கீப்பர்களைப் பார்த்துக்கொண்டவர் ஷோன் பேர்க். தானே பல வருடம் அந்த லீக்கில் கோல் காத்தவர். டுப்னிக் அங்கே பெஞ்சில் காலம் கழிக்கவில்லை. தன் வேலையை முதலில் இருந்து திருத்திக்கொண்டார். பஃபலோவில் இறங்கியபோது திருத்திய கீப்பர்தான் இறங்கினார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

இன்னொருவர் ஜோர்டான் பின்னிங்டன். 25 வயது. 2018-19க்கு அவர் வைத்திருந்தது ஒரு வருட ஒப்பந்தம். கீழ் லீக்கில் ஆடினால் ஒரு சம்பளம், மேலே வந்தால் வேறு சம்பளம் என்ற வகை. செயின்ட் லூயிஸ் அணியின் கீப்பர் வரிசையில் அவர் நாலாவது ஆள் என்றே சொல்வார்கள். 2019 ஜனவரி 3 காலையில் அந்த அணி முழு லீக்கிலும் கடைசி இடம். ஜனவரி 7 அன்று பின்னிங்டனுக்கு முதல் தொடக்கம் கொடுத்தார்கள், 3-0. ஜூன் 12 அன்று பொஸ்ரனில் ஏழாவது இறுதி மேட்சை 4-1 என்று வென்று, அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார்கள். அந்த இரவு அவர் தடுத்தது 32 அடிகள். இதைக் கேட்டால் யாருக்கும் மயிர் கூச்செறியும். ஆனால் தம்பி, இப்படி ஒருவர் வரும்போது அதே மாதிரி ஒப்பந்தத்தோடு கீழ் லீக்கில் இருந்து, முப்பது வயதில் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கதையை யாரும் உங்களுக்கு அனுப்ப மாட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருவோம். "இரண்டு மூன்று மேட்சுக்குள் என்னத்தைக் காட்டுவது?"

ஒரு கணக்குப் பாருங்கள். ஐஸ் ஹொக்கியில் நூறு அடிக்கு 91.5 தடுப்பவர் நல்ல கீப்பர், 90 தடுப்பவர் சாதாரண கீப்பர். பத்து மேட்ச், முன்னூறு அடி என்று வைத்தால் நல்லவர் 274 அல்லது 275 தடுப்பார், மற்றவர் 270. வித்தியாசம் நாலரை அடி. ஆனால் முன்னூறு அடிக்குள் அதிர்ஷ்டம் மட்டுமே ஐந்து அடியை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். கம்பத்தில் பட்டு உள்ளே போவது, யாரோ ஒருவரின் காலில் பட்டுத் திரும்புவது என்று எத்தனையோ இருக்கிறது. அதாவது பத்து மேட்ச் பார்த்தும் எண்ணிக்கையை வைத்து ஒருவர் நல்லவரா சாதாரணமானவரா என்று சொல்ல முடியாது. முன்னூறு அடிக்கே இப்படி என்றால், உதைபந்தில் மூன்று மேட்சில் உங்களுக்கு வரப்போகிற பன்னிரண்டு அடியை வைத்து யார் என்ன தீர்ப்புச் சொல்வது? பயிற்றுநருக்கும் இது தெரியும். கணக்காகத் தெரியாவிட்டாலும் அனுபவத்தில் தெரியும்.

அப்படியானால் அவர் எதைப் பார்க்கிறார்? இதை நான் என் பிழையால்தான் கற்றேன்.

1999இல் எனக்கு 24 வயது. கொழும்புக் கழகம் ஒன்று நாலு மாதத்துக்கு இரண்டாம் கீப்பராகக் கூப்பிட்டது. அந்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவதே ஒரு பெரும்பாடு. எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை தரம் பையைத் தட்டிக் கொட்டுவது. இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிறோம், கிடைக்கிற பத்து நிமிடத்தில் ஆளைக் காட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரே வெறி. மூன்றாம் மாதம் முதல் கீப்பருக்கு விரல் முறிந்தது. இடைவேளைக்குப் பிறகு இருபதாவது நிமிடம், எங்கள் பக்கம் 1-0 முன்னால். நான் இறங்கினேன். முதல் கோனர் உயரமாக வந்தது. அது என் பந்தே இல்லை, எங்கள் நடுப் பின்கள வீரர் தலையால் எடுக்கிற தூரம். ஆனால் நான் பெனால்டிப் புள்ளி வரைக்கும் பாய்ந்து இரண்டு கையாலும் குத்தப் போனேன். பந்து எட்டவில்லை. வெறும் கோலுக்குள் அடித்தார்கள். 1-1.

ஒருவரும் ஏசவில்லை. அடுத்த மேட்சுக்குப் பயிற்றுநர் விரலில் கட்டோடு முதல் கீப்பரையே இறக்கினார். முறிந்த விரலோடு அவன் நிற்பது, முழுக் கையோடு நான் நிற்பதை விட அவருக்கு நிம்மதியாக இருந்தது. பெஞ்சில் இருந்து அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த பதில் அதுதான் என்று விளங்க இரண்டு வருடம் எடுத்தது.

பயிற்றுநர் இரண்டாம் கீப்பரிடம் எதிர்பார்ப்பது நிம்மதியை. முதல் ஆளுக்குக் காய்ச்சல் என்று காலையில் செய்தி வந்தால், அன்றைக்கு அவர் தன் ஆட்டத் திட்டத்தை மாற்றாமல் இருக்க வேண்டும். பின்கள வீரர்கள் ஒரு அடி பின்னுக்கு வராமல் நிற்க வேண்டும். அசாத்தியமான தடுப்பு ஒன்றைச் செய்தால் எல்லோரும் கைதட்டுவார்கள், அது நல்லதுதான். ஆனால் போகக்கூடாத கோல் ஒன்று போனால், அதை அவர் ஒப்பந்தம் முடிகிற நாள் வரை மறக்க மாட்டார். போகக்கூடாத கோல் எது என்று உங்களுக்கே தெரியும்: கிட்டக் கம்பத்துப் பக்கமாகப் போனது, காலிடையில் போனது, கையில் பிடித்து நழுவ விட்டது, உங்கள் பந்தே இல்லாததற்கு ஓடிப் போய் விட்டது. இந்த நாலையும் ஆறு மாதம் பயிற்சியிலும் மேட்சிலும் விடாமல் இருந்தால் போதும், நீங்கள் வேறெதுவும் காட்டத் தேவையில்லை.

பயிற்சியிலும் என்று சொன்னேன், அதை விரித்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் கீப்பருக்கு மேட்ச் என்பது பயிற்சிதான். முன்கள வீரர்கள் அடித்துப் பழகுகிற நேரத்தில் கோலில் யார் நிற்பார்? முதல் கீப்பரை அவ்வளவு அடி வாங்க விடமாட்டார்கள். நீங்கள்தான். ஐஸ் ஹொக்கியிலும் அப்படியே, பயிற்சி முடிந்த பிறகு அன்றைக்கு மேட்ச் இல்லாத வீரர்கள் நின்று அடிக்க, கடைசியாகப் பனியை விட்டு வெளியே வருகிறவர் இரண்டாம் கீப்பர். அந்த ஒரு மணித்தியாலத்தில் பாதிப் பேர் சலித்துப்போய் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நாற்பதாவது அடிக்கும் காலை எடுத்து வையுங்கள். அடித்தவனுக்கு அது தெரியும். அவன் உடுப்பு மாற்றுகிற அறையில் சொல்வான், அது பயிற்றுநர் காதுக்குப் போகும். உங்களுக்காகக் கதைக்கக்கூடிய சாட்சிகள் அந்த முன்கள வீரர்கள்தான்.

அடுத்தது வாய். கொழும்பில் உங்களுக்குப் பெரிய தடை கையும் காலும் இல்லை, வாய்தான். கீப்பரின் வேலையில் பாதி கூப்பிடுவது. ஊரில் "விடு!", "என்ர!", "பின்னால ஆள்!" என்று கத்தினால் எல்லோருக்கும் விளங்கும். அங்கே நாலு பின்கள வீரரில் மூன்று பேருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஒரு நொடி தாமதித்தால் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போய் மோதுவீர்கள். இருபது சிங்களச் சொல் போதும். 'மகே' என்றால் என்னுடையது, 'வம' இடது, 'தகுண' வலது, 'பிட்டிபஸ்ஸ' பின்னுக்கு. மிச்சத்தை முதல் கிழமையிலேயே பின்கள வீரர்களிடம் கேட்டு, அவர்கள் எந்தச் சொல்லைப் பாவிக்கிறார்களோ அதையே எழுதி வைத்துப் பாடமாக்குங்கள். கூச்சப்படாமல் உரத்துச் சொல்லுங்கள். நல்ல கையுள்ள நம்முடைய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இந்த ஒன்றினாலேயே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன், அது என்னை இன்னும் வருத்துகிறது.

கையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குக் கை நல்லது, அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த ஊர் கூடைப்பந்து ஊர். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைச் சாமிமார் புனித மிக்கேல் கல்லூரியில் அதை வளர்த்தார்கள். வெபர் மைதானம் என்று நாம் சொல்வதே அவர்களில் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயரால்தான். பிள்ளைகளைக் கூடைப்பந்துக்குப் பழக்கிய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். அவரையும் அவரோடு வந்த சாரதியையும் இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. உயரத்தில் பந்தை இரண்டு கையாலும் எடுக்கிற பழக்கம் எனக்கும் கூடைப்பந்தில் வந்ததுதான். கடற்கரை மணலில் பாய்ந்து பழகிய காலும், கச்சான் காற்றில் வளைந்து வருகிற பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணும் உங்களுக்கு இருக்கின்றன. ஆனால் அங்கே நனைந்த புல்லில் பந்து குத்தியதும் எழும்பாது, வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். முதல் இரண்டு கிழமைக்கு எல்லாத் தாழ்ந்த பந்துக்கும் உடம்பைப் பின்னால் வைத்துப் பிடியுங்கள்.

1990 என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்த ஜூன் 11இல் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது, எங்களுக்குக் கரண்ட் இல்லை. எனக்கு 15 வயது. ஜூன் 13 அன்று சோவியத் யூனியனோடு ஆர்ஜென்டினா ஆடிய மேட்சில் தொடக்கத்திலேயே கீப்பர் பும்பிதோவின் கால் முறிந்தது. இரண்டாம் கீப்பர் செர்ஹியோ கொய்கோச்சேயா இறங்கினார். அவர் ஆடிக்கொண்டிருந்த கொலம்பிய லீக்கையே 1989இல் இடைநடுவில் நிறுத்தியிருந்தார்கள். அந்த மனிதன் காலிறுதியில் யூகோஸ்லாவியாவையும் அரையிறுதியில் இத்தாலியையும் பெனால்டிகளில் மறித்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். நாங்கள் இதைப் பற்றரி வானொலியில் துண்டு துண்டாகக் கேட்டோம். அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பல வருடம் தெரியாது. ஆனால் கீப்பராக வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்த மாதத்தில்தான்.

பெஞ்சில் இருக்கும்போது உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். இடைவேளையில் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்காமல், யாரையாவது பிடித்து இருபது அடி அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பாதியில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழும்பி ஓடுங்கள். கிளவுஸை இலேசாக நனைத்தே வைத்திருங்கள், காய்ந்த கிளவுஸில் பந்து வழுக்கும். இறங்கினால் முதல் பந்தை எளிமையாக முடியுங்கள்: பிடித்து, பக்கத்தில் நிற்பவனுக்கு உருட்டி விடுங்கள். ஒரு சட்டமும் மாறியிருக்கிறது. 2025-26 விதிகளின்படி கீப்பர் கையில் எட்டு செக்கனுக்கு மேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கோனர். கடைசி ஐந்து செக்கனை நடுவர் விரலால் எண்ணிக் காட்டுவார். முன்னால் இருக்கிற அணிக்காக இறங்கி, நேரத்தைக் கடத்தப் போய்க் கோனர் கொடுத்துவிட வேண்டாம்.

இறங்கியவுடன் ஒரு கோல் போனால்? போகலாம். டேவிட் ஏர்ஸின் கதையை மச்சான் சொல்லியிருப்பார், ரொறன்ரோவில் நடந்தது. 2020 பெப்ரவரி 22. விருந்தாளி அணியான கரோலைனாவின் இரண்டு கீப்பர்களும் ஒரே மேட்சில் காயப்பட்டுப் போனார்கள். அப்படி நடந்தால் இறங்க அந்தக் காலத்தில் ஒவ்வொரு அரங்கிலும் அவசரக் கீப்பர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு ஏர்ஸ். 42 வயது, தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட உடம்பு, பனித்தளத்தைச் சீராக்குகிற இயந்திரம் ஓட்டியவர். ஒப்பந்தம் அந்த ஒரு இரவுக்கு மட்டும். அவரை நோக்கி வந்த முதல் இரண்டு அடியும் கோல். 4-1 ஆக இருந்தது 4-3 ஆனது. அதற்குப் பிறகு வந்த எட்டு அடியையும் மறித்தார். கரோலைனா 6-3 என்று வென்றது. அதிசயம் என்று உலகமே எழுதியது. ஆனால் அவர் அதற்கு முதல் எத்தனையோ நாள் அதே ரொறன்ரோ வீரர்களின் பயிற்சியில் கோலில் நின்று அடி வாங்கியவர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். எதிரில் வந்தவர்களின் அடி அவருக்குப் புதிது இல்லை. இரண்டு கோல் போன பிறகு மூன்றாவதைத் தடுக்க முடிந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

முதல் கீப்பரோடு எப்படி இருப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவனைப் போட்டியாளனாகப் பார்த்தால் ஆறு மாதமும் நெஞ்சு எரியும். மேட்சுக்கு முன்னால் அவனுக்கு அடித்துச் சூடேற்றுகிறவர் நீங்கள்தான், அதை மனதாரச் செய்யுங்கள். ஜொனதன் குவிக் 2012இலும் 2014இலும் லொஸ் ஏஞ்சலிஸுக்கு முதல் கீப்பராக நின்று கிண்ணம் வென்றவர். 2023இல், 37 வயதில், நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கு ஒரு வருடத்துக்கு, 8 இலட்சத்து 25 ஆயிரம் டொலருக்கு, இன்னொருவனுக்குப் பின்னால் இரண்டாம் கீப்பராக வந்தார். 18 மேட்ச் வென்று கொடுத்தார், அடுத்த வருடமும் வைத்துக்கொண்டார்கள். அவருக்கே அது குறைவாகப் படவில்லை என்றால் நமக்கு ஏன் பட வேண்டும்?

காசு விடயம். 1999இல் எனக்குக் கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. எல்லாம் வாய்ப் பேச்சு, காட்ட ஒரு துண்டுக் கடதாசி என்னிடம் இல்லை. நீங்கள் அப்படிப் போகக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒப்பமிட்ட பிரதி ஒன்று அன்றைக்கே உங்கள் கையில் இருக்க வேண்டும். தொடங்குகிற திகதி, முடிகிற திகதி, மாதச் சம்பளம், தங்குமிடம், காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, இவ்வளவும் அதில் வேண்டும். ஃபிஃபா விதிகளில், இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காத கழகத்துக்கு எழுத்தில் அறிவித்து, குறைந்தது பதினைந்து நாள் தவணை கொடுத்து, அதற்கும் தராவிட்டால் வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று இருக்கிறது. கையெழுத்து வைத்த பிறகு "மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும்" என்று சொல்லவும் அந்த விதிகள் இடம் கொடுப்பதில்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் வாசித்து விளங்குகிற ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

சரி, போவதா நிற்பதா.

ஊரில் நின்றால் வருடத்துக்குப் பதினைந்து இருபது மேட்ச் உறுதி, அதுவும் தெரிந்த முகங்களுக்கு எதிராக. உங்கள் பிழையை உங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை, ஏனென்றால் நீங்கள்தான் அங்கே பெரிய கீப்பர். இந்த நாலு வருடத்தில் உங்கள் கால் வைக்கும் முறையை யாராவது ஒரு தரமாவது திருத்தினார்களா? இல்லை என்றால் இன்னும் நாலு வருடம் நின்றாலும் இதே கீப்பர்தான். வயதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பொஸ்ரன் அணியின் டிம் தோமஸ் பின்லாந்து, சுவீடன் என்று அலைந்து 31 வயதுக்குப் பிறகுதான் அந்தப் பெரிய லீக்கில் நிலைத்தார். 2011இல் கிண்ணத்தையும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதையும் வாங்கும்போது அவருக்கு 37. கீப்பருக்கு 22 என்பது தொடக்கம். ஆறு மாதம் பெஞ்சில் இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது.

ஆனால் ஒரு நிபந்தனை, டுப்னிக்கின் கதையில் ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அந்தக் கொழும்புக் கழகத்தில் கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்றுநர் இருக்கிறாரா? கிழமைக்கு எத்தனை நாள் வருகிறார்? லீக் மேட்ச் கிடைக்காத கிழமைகளில் பயிற்சி மேட்சிலாவது உங்களுக்கு ஒரு பாதி தருவார்களா? திங்கட்கிழமைக்கு முன் தொலைபேசி எடுத்து இதை நேரே பயிற்றுநரிடம் கேளுங்கள், கழகச் செயலாளரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்வார். பயிற்றுநர் ஒருவர் இருக்கிறார், கிழமைக்கு இரண்டு நாளாவது வருகிறார் என்றால், சம்பளம் நீங்கள் நினைத்ததை விடக் குறைந்தாலும் உதயதேவி ரயிலில் ஏறுங்கள். யாரும் இல்லை, எல்லோரோடும் சேர்ந்து ஓட வேண்டியதுதான் என்றால், இந்த ஆறு மாதத்தைக் கொடுக்க வேண்டாம். அடுத்த அழைப்பு வரும் வரை இங்கேயே நில்லுங்கள், விடிய ஐந்தரைக்குக் கல்லடிக் கடற்கரைக்கு வாருங்கள், கால் வைப்பதிலிருந்து தொடங்குவோம்.